கோய் குளத்தில் செடி வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டு முன்புறம் கோய் குளம் கட்டுவது கூடிக்கொண்டே வருகிறது. பழைய தோட்டத்து லயங்களிலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தவர்களுக்கு மண்ணும் தண்ணீரும் பழக்கமானவை. மீனை நன்றாகவே வளர்க்கிறார்கள். செடி என்று வரும்போதுதான் சிக்கல். செடி வாங்க வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். வெளிநாட்டுப் புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் குளிர்காலம் உள்ள நாடுகளுக்கானவை. நமக்குக் குளிர்காலமே கிடையாது, அதனால் பல பதில்கள் மாறும்.

1. அண்ணே, கோயும் செடியும் ஒண்ணா இருக்குமா? இல்ல எல்லாத்தையும் தின்னுடுமா?

ஒரே தண்ணீரில் இரண்டும் நன்றாக வாழும். ஒரே தொட்டியில் கட்டுப்பாடில்லாமல் வாழ்வதுதான் கஷ்டம். கோய் கெண்டை இனத்து மீன். வாயோரத்து மீசையால் அடிமண்ணைத் தடவி, கிளறி, உறிஞ்சி, வேண்டாததைத் துப்புவது அதன் பிறவிக் குணம். தொண்டைக்குள்ளே பல் உண்டு, இளந்தளிரை அரைத்துத் தின்றுவிடும். தின்னாத செடியைக்கூட வேரோடு பெயர்த்துப் போடும்.

உள்ளங்கை நீளம்கூட இல்லாத குட்டி மீன்களைப் பார்த்துவிட்டு "எங்க மீன் ஒண்ணும் பண்ணலையே" என்று பலர் சொல்வார்கள். ஓர் அடி தாண்டட்டும், அப்புறம் தெரியும். நம் வெப்பத்தில் கோய் வருடம் முழுவதும் தின்னும், வளரும். ஆகவே ஆரம்பத்திலேயே செடிக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் பெரும்பாலான பதில்களுக்கு அடிப்படை அதுதான்: மீன் தண்ணீரைச் செடியிடம் கொண்டு போங்கள், செடியை மீனிடம் கொண்டு போகாதீர்கள்.

2. எங்க குளம் சின்னது. எத்தனை மீன், எத்தனை செடி வைக்கலாம்?

முதலில் தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 7,200 லிட்டர். வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் இதில் ஏழு மீன். இருபது மீன் விட்டுவிட்டுச் செடியால் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஆழம் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் மத்தியான வெயிலில் தண்ணீர் சூடேறிவிடும். அப்படிப்பட்ட குளத்தில் செடியின் முதல் வேலை நிழல் கொடுப்பது. நீர்ப்பரப்பில் பாதி அளவுக்கு நிழல் இருந்தால் போதும்.

3. செடிக்குத் தனித் தொட்டின்னு சொல்றீங்களே, அதை எப்படி அமைக்கிறது?

குளத்தைவிடச் சற்று உயரமான இடத்தில் ஒரு நீளத் தொட்டி. செங்கல்லில் கட்டலாம், பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்தும் செய்யலாம். குளத்துப் பம்ப் தண்ணீரை ஒரு முனையில் விட வேண்டும். அது செடிகளின் வேர் வழியாக மெல்ல நகர்ந்து, மறுமுனையில் உள்ள வழிகுழாய் வழியாகத் தானாகவே குளத்துக்குத் திரும்ப வேண்டும். ஆழம் 30 முதல் 40 செ.மீ. போதும். பரப்பளவு குளத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால் பலன் கண்ணுக்குத் தெரியும், மூன்றில் ஒரு பங்கு இருந்தால் ரொம்ப நல்லது.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். மீன் கழிவு நேராகச் சரளைக்குள் போனால் சில மாதங்களில் சேறாகி அடைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் முதலில் பில்டரில் படிந்து, அப்புறம் செடிக்கு வரட்டும். வழிகுழாய் உள்ளே வரும் குழாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அதன் வாயில் வலை கட்டுங்கள், ஒரே ஒரு காய்ந்த இலை அடைத்தாலும் தண்ணீர் தரையில்தான் வழியும். அப்படி வழிந்தாலும் மீன் சாகாமல் இருக்க, தொட்டிக்குத் தண்ணீர் அனுப்பும் பம்பைக் குளத்தின் அடியில் வைக்காமல் பாதி உயரத்தில் வையுங்கள். தொட்டி விரிசல் விட்டாலும் பாதிக் குளம் மிஞ்சும்.

சரளையே போடாமல், ஓட்டைக் கூடைகளில் செடியை நட்டு, வேரைத் தண்ணீரில் தொங்க விடுவது இன்னும் சுலபம். கூடையைத் தூக்கினால் அடியைக் கழுவிவிடலாம். முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

4. அந்தத் தொட்டியில என்ன செடி நல்லா வரும்?

கல்வாழை. முதல் இடம் அதற்குத்தான். வேகமாக வளரும், நிறையச் சத்தை இழுக்கும், பூவும் தரும். அடுத்தது, உச்சியில் குடை மாதிரி விரியும் கோரை. கங்கோங் கீரை, வல்லாரை, பாண்டான் மூன்றுமே ஈரத்தில் செழிக்கும். சேம்பு இனத்துக் கெலாடி வகைகள் பெரிய இலையால் அழகு சேர்க்கும், ஆனால் அதன் பால் பட்டால் அரிக்கும். வெட்டும்போது கையுறை போடுங்கள், வெட்டிய இலை குளத்தில் விழாமல் பாருங்கள்.

கல்வாழைக்கு ஒரே குறை, வேர் பெருத்துத் தொட்டியை நிரப்பிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்துப் பாதியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

5. செடி நல்லா வந்துடுச்சுன்னா பில்டரை நிறுத்திடலாம்தானே?

நிறுத்தாதீர்கள். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வருவது அம்மோனியா. பில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. செடி அம்மோனியாவையும் எடுக்கும், நைட்ரேட்டையும் எடுக்கும். ஆனால் இரவில் அதன் வேலை குறைந்துவிடும், மழை மூட்டமான நாட்களிலும் குறையும். பாக்டீரியாவுக்கு இரவு பகல் கிடையாது.

பில்டர் விட்டுவைக்கும் நைட்ரேட்டை எடுப்பதுதான் செடியின் உண்மையான உதவி. அந்தச் சத்து குளத்தை விட்டு வெளியேறுவது நீங்கள் செடியை வெட்டி அப்புறப்படுத்தும்போதுதான். வெட்டாமல் விட்டு, இலை தண்ணீரிலேயே அழுகினால் எடுத்ததெல்லாம் திரும்பக் குளத்துக்கே வந்துவிடும். வெட்டியதை வாழை அடியிலோ எருக்குழியிலோ போடுங்கள், அருமையான எரு.

6. அல்லியைக் குளத்துக்குள்ளேயே வைக்கணும்னு ஆசை. வழியே இல்லையா?

வழி இருக்கிறது. அகலமான, ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பேசினில் கெட்டியான செம்மண்ணை நிரப்புங்கள். கடையில் விற்கும் பூந்தொட்டி மண் வேண்டாம், அதில் உள்ள மட்கு மிதந்து தண்ணீரைக் கலக்கும். கிழங்கை நட்டபின் மண்ணை மூடும்படி, மீனின் வாய்க்குள் நுழையாத அளவு பெரிய கற்களை அடுக்குங்கள். கூழாங்கல் போதாது, பெரிய கோய் அதை வாயில் எடுத்துத் துப்பிவிடும். புது இலைகள் நீர்மட்டத்துக்கு வரும்வரை பேசினைச் சுற்றி பிளாஸ்டிக் வலை கட்டி வையுங்கள். வலை முனை கூராக இருந்தால் மீனின் செதில் கிழியும், மடித்துக் கட்டுங்கள்.

அல்லிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். அருவி மாதிரித் தண்ணீர் கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இலை நனைந்து நனைந்து அழுகும். இவ்வளவு செய்தும் சில குளங்களில் ஒரு முரட்டு மீன் எல்லாவற்றையும் பிடுங்கும். அந்த மீன் இருக்கும்வரை அல்லியைத் தொட்டியில்தான் வைக்க வேண்டும்.

7. நவராத்திரிக்குச் சாமிக்கு வைக்கத் தாமரை வேணும். கோய் குளத்துல வருமா?

தாமரையைக் கோயோடு சேர்க்க வேண்டாம். கிழங்கு தடித்தது, முளை மென்மையானது, கோய்க்கு இரண்டுமே பிடிக்கும். தாமரைக்குத் தனி ஏற்பாடு செய்வதுதான் எல்லாருக்கும் நல்லது. 60 செ.மீ. அகலமுள்ள வட்டப் பேசின், பாதி அளவு களிமண், மேலே ஒரு சாண் தண்ணீர். கிழங்கைப் படுக்கவைத்து, முளையை மட்டும் மண்ணுக்கு மேலே விடுங்கள். முளை ஒடிந்தால் அந்தக் கிழங்கு அநேகமாகப் போச்சு, கையாளும்போது அவ்வளவு கவனம் வேண்டும்.

ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் இல்லாவிட்டால் இலை வரும், பூ வராது. தண்ணீருக்கு மேல் எழும்பி நிற்கும் இலைகள் வந்த பிறகு மட்டும், கொஞ்சமாக உரத்தைத் துணியில் முடிந்து மண்ணுக்குள் புதையுங்கள். கொசு முட்டை விடாமல் இருக்க நாலைந்து கப்பி மீன் விடுங்கள். மழையில் இந்தப் பேசின் வழிந்து கோய் குளத்துக்குள் போகாதபடி தள்ளி வையுங்கள், உரத் தண்ணீர் மீனுக்கு ஆகாது.

8. கெலாடி பூந்திங் சும்மாவே கிடைக்குது, அதைப் போட்டா என்ன?

இங்கே எல்லாரும் கெலாடி பூந்திங் என்று சொல்லும் ஆகாயத் தாமரை சத்தை இழுப்பதில் கெட்டிக்காரச் செடி. அமேசான் பகுதியிலிருந்து வந்து உலகம் முழுக்கப் பரவிய களையும் அதுதான். நம் வெயிலில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். குளம் முழுவதும் மூடினால் காற்றும் வெளிச்சமும் போகாமல் மீன் திணறும்.

செடித் தொட்டியிலோ, மிதக்கும் வளையத்துக்குள்ளோ அடக்கி வைத்தால் பயன்தான். வாரா வாரம் பாதியை அள்ளி எருக்குழியில் போடுங்கள். எக்காரணம் கொண்டும் சாக்கடையிலோ ஆற்றிலோ வீசாதீர்கள். அங்கே அடைத்துக்கொண்டால் வெள்ளம் நம் தாமானுக்குள்தான் வரும்.

9. தண்ணி பச்சையா இருக்கு. செடி வெச்சா தெளியுமா?

தெளியும், ஆனால் ஒரே வாரத்தில் ஆகாது. பச்சைத் தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. வெயிலும் சத்தும் சேர்ந்தால் அது பெருகும். செடி நிழலும் தருகிறது, சத்தையும் பங்கு போடுகிறது. செடி வேரூன்றி வேலை தொடங்கச் சில வாரங்கள் ஆகும். அவசரம் என்றால் யூவி (புற ஊதா) விளக்கு பொருத்துங்கள், நுண்பாசியை அது கொல்லும். செடிக்கு யூவியால் தொந்தரவில்லை.

மீனுக்குப் போடும் தீனியையும் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் போட்டால் எந்தச் செடியாலும் ஈடுகொடுக்க முடியாது.

10. விடியற்காலையில மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது. பத்து மணிக்குச் சரியாயிடுது. வியாதியா?

இது ஆக்சிஜன் பற்றாக்குறை. பகலில் ஆக்சிஜன் தரும் செடியும் பாசியும் இரவில் மீனைப் போலவே அதை எடுத்துக்கொள்கின்றன. இரவு முழுக்க எல்லாரும் எடுத்து எடுத்து, விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு வரும். வெயில் ஏறியதும் சரியாகும்.

நம்மூரில் இது கூடுதல் ஆபத்து. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரித் தண்ணீர் ஏழரைதான் தாங்கும். ஆகவே ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரச் செலவை மிச்சப்படுத்த இரவில் நிறுத்துகிறவர்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள். இடியோடு கரண்ட் போகும் இரவுகளுக்கு பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

11. காலையில பிஎச் 7 காட்டுது, சாயந்திரம் 9 காட்டுது. டெஸ்ட் கிட் கெட்டுப் போச்சா?

கிட் சரியாகத்தான் காட்டுகிறது. செடியும் பாசியும் பகலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சும்போது பிஎச் (அமில-கார அளவு) ஏறும், இரவில் திரும்ப இறங்கும். இந்த ஊஞ்சலைத் தாங்கும் காரத்தன்மை உங்கள் தண்ணீரில் குறைவு. மழைத் தண்ணீர் சேரச் சேர இன்னும் குறையும். நம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம், அப்போது அடிக்கடி பாருங்கள்.

பிஎச் ஏறுவது ஏன் கவலை என்றால், அம்மோனியாவின் விஷம் அதோடு சேர்ந்து ஏறும். 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7-இல் மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காடுகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8-இல் ஏழு விழுக்காட்டுக்கு மேல். பிஎச் 9-இல் பாதியை நெருங்கிவிடும். காலையில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கழுவிக் கொதிக்கவைத்த கெராங் (சிப்பி) ஓடுகளை ஒரு வலைப் பையில் கட்டி பில்டரில் போட்டு வையுங்கள். ஓடு மெல்லக் கரைந்து தண்ணீரை நிலைப்படுத்தும். பாசி அதிகமிருந்தால் 9-ஆம் பதிலில் சொன்னதையும் செய்ய வேண்டும், ஊஞ்சலை ஆட்டுவதே அதுதான்.

12. டெங்கி சோதனைக்கு வர்றவங்க குளத்தைப் பார்த்து அபராதம் போடுவாங்களா? புகை அடிச்சா மீன் சாகுமா?

மீன் உள்ள குளத்தில் கொசுப்புழு தப்பிப்பது கடினம். மீன் போக முடியாத இடங்கள்தான் வம்பு: செடித் தொட்டியின் மூலை, காலி வாளி, சாடியின் அடித்தட்டு, தண்ணீர் தேங்கும் இலைக்கணுக்கள். நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975-இன் கீழ், புழு இருந்தால் வீட்டுக்காரர்தான் பொறுப்பு. சரளை போட்ட தொட்டியில் நீர்மட்டத்தைச் சரளையின் மேற்பரப்புக்குக் கீழே வையுங்கள். கூடைத் தொட்டியில் கப்பி மீன் விடுங்கள்.

புகை விஷயம் தனி. அதில் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். வண்டிச் சத்தம் கேட்டதும் குளத்தைக் கேன்வாஸால் மூடி, ஏர் பம்பை நிறுத்துங்கள், அது வெளிக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. தண்ணீர் பம்ப் ஓடலாம். புகை கலைந்ததும் உடனே திறந்து ஏர் பம்பைப் போட்டுவிடுங்கள். செடித் தொட்டியையும் மூட மறக்காதீர்கள், அந்தத் தண்ணீரும் குளத்துக்குத்தான் வருகிறது.

13. வீட்டுக்குப் பின்னாடியே செம்பனைத் தோட்டம். புல் மருந்து அடிக்கிறாங்க. என்ன பண்றது?

பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை இருக்கிறது. ஆனால் கிளைபோசேட் போன்றவை புழக்கத்தில் உண்டு. கிளைபோசேட் மருந்துகள் பலவற்றில் கலக்கப்படும் சோப்பு போன்ற பொருள் மீனின் செவுளைப் பாதிக்கும், மருந்து செடியைக் கொல்லும். காற்றில் பறந்து வரும் துளியைவிட, மழையோடு மண்ணில் ஓடிவரும் தண்ணீர்தான் பெரிய ஆபத்து. குளத்தின் விளிம்பைத் தரையைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். மருந்தடிக்கும் நாளைத் தோட்டத்தில் வேலை செய்கிற யாரிடமாவது கேட்டு வைத்துக்கொண்டால், அன்றைக்கு மூடிவிடலாம். தெளிக்கும் பம்பைக் கழுவிய வாளியைக் குளத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

14. பழைய ஈயக் குட்டையில அழகான செடி பார்த்தேன். அப்படியே எடுத்து வந்து போடலாமா?

கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளீயம் தோண்டிய குட்டைகள் இருக்கின்றன, செடிகளும் ஏராளம். ஆனால் செடியோடு பொன்னத்தை வரும். இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து தண்டில் ஒட்டியிருந்தால் அதுதான். நெல் வயலையே அழிக்கும் அந்த நத்தைக்கு உங்கள் அல்லி ஒரு வேளைச் சாப்பாடு. மீன் பேன், நங்கூரப் புழு போன்ற ஒட்டுண்ணிகளும் கூடவே வரலாம்.

வேரை நன்றாக அலசி, முட்டையைச் சுரண்டி நசுக்கி, இளஞ்சிவப்பு நிறம் வரும்படி பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுங்கள். அப்புறம் மீனே இல்லாத தொட்டியில் மூன்று வாரம் தனியே வையுங்கள். மீன் கிடைக்காத ஒட்டுண்ணி அதற்குள் பெரும்பாலும் செத்துவிடும். இந்த மூன்று வாரமும் தொட்டிக்கு மேல் கொசுவலை கட்ட வேண்டும், காரணம் 12-ஆம் பதிலில் இருக்கிறது. கடையில் வாங்கிய செடிக்கும் இதே முறைதான்.

15. மீனுக்குப் புண்ணு. உப்பு போடச் சொல்றாங்க. செடி தாங்குமா?

வழக்கமாகச் சொல்லும் அளவு 1,000 லிட்டருக்கு 3 கிலோ. அதை ஆகாயத் தாமரையும் அல்லியும் தாங்காது. உப்பு ஆவியாகிப் போகாது, தண்ணீர் மாற்றினால்தான் குறையும். ஆகவே நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, ஏர் பம்ப் வைத்து, அங்கே வைத்தியம் பாருங்கள். எல்லா மீனும் நோயுற்றிருந்தால் செடித் தொட்டிக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு, மீனைக் கவனியுங்கள். அந்தச் சில நாட்களுக்குக் கூடைகளைச் சாதாரண தண்ணீரில் வைத்தால் போதும்.

16. மீன் கழிவே உரம்னாங்க. அப்ப ஏன் இலை மஞ்சளாகுது?

அல்லியின் மூத்த இலை மஞ்சளாகி மடிவது இயற்கை, கிள்ளி எடுத்துவிடுங்கள். இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து குறைவு. மூத்த இலையின் ஓரம் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல் சத்து குறைவு. செம்பனை ஓலையில் ஆரஞ்சுப் புள்ளி பார்த்தவர்களுக்கு இந்தக் குறை புதிதல்ல. மீன் கழிவில் தழைச்சத்து தாராளம், இவை இரண்டும் குறைவு.

அதற்காகத் தோட்டத்து உர மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுவிடாதீர்கள். யூரியாவும் அம்மோனியம் உரமும் தண்ணீரில் அம்மோனியாவாகும், மீன் அன்றைக்கே சாகலாம். நீர்ச் செடிக்கென்று விற்கும் செலேட் செய்யப்பட்ட இரும்பை, அட்டையில் போட்டுள்ள அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

17. செடித் தொட்டியில வர்ற கங்கோங்கைச் சமைக்கலாமா?

மீனுக்கு எந்த மருந்தும் போடாத குளம் என்றால், நன்றாகக் கழுவி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். வல்லாரையைப் பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் அதை மண்ணில் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள். புண் மருந்தோ பூச்சி மருந்தோ போட்ட குளத்துக் கீரை அடுப்பங்கரைக்கு வேண்டாம்.

18. தீபாவளிக்கு ரெண்டு வாரம் ஊருக்குப் போறோம். குளத்தை யாரு பார்ப்பா?

வளர்ந்த கோய் இரண்டு வாரம் தீனி இல்லாமல் இருக்கும், குளத்தில் உள்ள பாசியை மேய்ந்துகொள்ளும். பக்கத்து வீட்டுப் பையனிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து, பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவான். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டிக் கொடுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு செடியைப் பாதிக்கு வெட்டி, மஞ்சள் இலையெல்லாம் எடுத்து, வழிகுழாய் வலையைக் கழுவி, பில்டரின் முதல் அறையைச் சுத்தம் செய்யுங்கள். கிளம்புகிற அன்று காலையில் செய்யாதீர்கள். ஏதாவது கசிந்தால் சரிசெய்ய ஒரு நாள் கையில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் தினமும் ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கச் சொன்னால் போதும்: ஏர் பம்ப் குமிழ் விடுகிறதா இல்லையா.